கோழித் தீவனத்துல ஓமமும் பூண்டும் எதுக்கு? மூலிகைச் சேர்க்கை பத்தி அடிப்படையிலேர்ந்து

நாமக்கல், பல்லடம் பக்கம் கோழி மருந்துக் கடைக்குள்ள நுழைஞ்சீங்கன்னா இப்பல்லாம் அலமாரியில முக்காவாசி பச்சை லேபிள்தான். இலை படம், கிழங்கு படம், ஹெர்பல்னு கொட்டை எழுத்து. லிவருக்கு ஒண்ணு, குடலுக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணுன்னு தனித்தனி டப்பா இருக்கும். புதுசா பண்ணை போடறவங்க இதைப் பாத்துட்டு கேக்கறது ஒரே கேள்விதான், இதெல்லாம் நெசமாவே வேலை செய்யுதா இல்ல நம்ம காசைப் புடுங்கற வேலையா? ரெண்டு ரகமும் இருக்கு. எது எந்த ரகம்னு தெரிஞ்சுக்கணும்னா முதல்ல இது கோழி வயித்துக்குள்ள போயி என்ன பண்ணுதுன்னு தெரியணும், அதைத்தான் இங்க சொல்லப்போறேன்.

தீவனத்துல மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு இதெல்லாம் வயித்துக்குச் சோறு. இது போக டன்னுக்கு சில கிராம்லேர்ந்து சில கிலோ வரைக்கும் சேர்க்கற சின்னச் சின்ன ஐட்டம் இருக்கு பாருங்க, வைட்டமின், மினரல், செரிமானத்துக்கு உதவற என்சைம், பூஞ்சை விஷத்தைக் கட்டிப்புடிக்கற டாக்ஸின் பைண்டர், அதுக்குத்தான் ஃபீட் அடிட்டிவ்னு பேரு. அதுல செடியிலேர்ந்து வர்ற சரக்கு, அதாவது காய்ஞ்ச பொடியா, சாறா, இல்ல வடிச்செடுத்த எண்ணெயா வர்றதைத்தான் மூலிகைச் சேர்க்கைன்னு சொல்றோம், கம்பெனிக்காரங்க பைட்டோஜெனிக்னு சொல்லுவாங்க. சாம்பாருக்குப் பெருங்காயம் போடற மாதிரின்னு வச்சுக்குங்க, சத்துக்காக யாரும் பெருங்காயம் போடறதில்ல, ஆனா ஒரு சிட்டிகை போட்டாலே வேலை தெரியும், கையளவு அள்ளிப் போட்டா சட்டியையே கீழ ஊத்தணும். முருங்கை இலையை நூத்துக்கு அஞ்சு பங்கு சேர்த்தா அது தீவனம், ஏன்னா அதுல புரதம் இருக்கு. ஓம எண்ணெயை டன்னுக்கு 100 கிராம் சேர்த்தா அது அடிட்டிவ். இந்த வித்தியாசம் மனசுல இருந்தா பாதிக் குழப்பம் போயிரும்.

சரி, திடீர்னு எல்லாரும் ஏன் மூலிகைப் பக்கம் திரும்பினாங்க? நம்ம பாட்டி வைத்தியத்து மேல பாசம் பொங்கி வந்ததாலன்னு நெனச்சீங்கன்னா அது இல்லீங்க. 1940-களோட கடைசியில அமெரிக்காவுல லெடர்லி கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துல தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட்னு ரெண்டு பேரு கோழிக்குஞ்சுக்கு வைட்டமின் பி12 எங்கேர்ந்து மலிவா கிடைக்கும்னு தேடிட்டு இருந்தாங்க. ஆரியோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் தயாரிச்சப்புறம் மிஞ்சற சக்கையைக் குஞ்சுக்குப் போட்டுப் பாத்தா பி12 மட்டும் குடுத்தா வளர்றதை விட அதிகமா வளருது. காரணம் அந்தச் சக்கையில ஒட்டிக்கிட்டிருந்த ஆன்டிபயாடிக். அதுக்கப்புறம் உலகம் பூரா நோயே இல்லாத கோழிக்கும் தினம் தினம் கொஞ்சம் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்துல கலந்து போடறது வழக்கமாயிருச்சு. எடை கூடும், தீவனம் மிச்சம், யாரு வேண்டாம்பா?

ஆனா தினம் கொஞ்சூண்டு டோஸ்னா பாக்டீரியாவுக்கு அது டிரெய்னிங் குடுத்த மாதிரி. சாகாம தப்பிச்சதெல்லாம் மருந்தைத் தாங்கப் பழகி, அந்த குணத்தைப் பக்கத்துல இருக்கற பாக்டீரியாவுக்கும் கடத்தி விட்டுரும், கடைசியில அது மனுஷனோட ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து நிக்கும். ஸ்வீடன் 1986-லயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடறதைத் தடை பண்ணிருச்சு. ஐரோப்பிய யூனியன் மொத்தமா 2006 ஜனவரி 1-லேர்ந்து நிறுத்துச்சு. அமெரிக்காவுல மனுஷ வைத்தியத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகப் போடறது 2017-ல முடிவுக்கு வந்துச்சு. நம்ம நாட்டுல 2019-ல கொலிஸ்டினைத் தடை பண்ணினாங்க, அது ஐசியூவுல வேற எதுவும் கேக்காதப்ப கடைசியா எடுக்கற மருந்து, 2015-ல சீனாவுல அந்தக் கொலிஸ்டினுக்கே அடங்காத ஒரு மரபணு பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா தாவுதுன்னு கண்டுபிடிச்சப்புறம் உலகம் பூராவும் பதறிப்போச்சு. அப்ப ஆன்டிபயாடிக் விட்டுட்டுப் போன இடத்தை நிரப்ப என்ன இருக்குன்னு தேடினப்பதான் ப்ரோபயாடிக்ங்கற நல்ல பாக்டீரியா, ஆர்கானிக் ஆசிட், என்சைம்னு ஒரு கூட்டமே வந்துச்சு, அந்தக் கூட்டத்துல ஒரு ஆளுதான் இந்த மூலிகையும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கிருமியே இல்லாத சூழ்நிலையில வளர்த்த குஞ்சுக்கு ஆன்டிபயாடிக் போட்டா வளர்ச்சியில பெருசா வித்தியாசமே வர்றதில்லன்னு பழைய ஆராய்ச்சியிலயே தெரிஞ்சு போச்சு. அதாவது அது நேரடியா சதை போட வைக்கல, குடலுக்குள்ள நடக்கற சண்டையைக் குறைச்சு விட்டுச்சு, சண்டைக்குப் போக வேண்டிய தெம்பு எடையாச்சு. மூலிகைக்கும் இதே கணக்குதான். அதனாலதான் ரொம்ப சுத்தமா, கூட்டம் கம்மியா, நல்ல தீவனமா வச்சிருக்கற பண்ணையில இதைப் போட்டு "ஒண்ணும் தெரியலீங்க"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க, பக்கத்து ஊர்ல அதே டப்பாவைப் போட்டு நல்லா தெரியுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ரெண்டு பேரும் பொய் சொல்லல.

குடலுக்குள்ள என்ன நடக்குது

பிராய்லர் பண்ணையில செலவுல பெரும்பங்கு, ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு, தீவனத்துக்கே போயிருது. அந்தத் தீவனம் சதையா மாறுதா எச்சமா போகுதான்னு முடிவு பண்றது குடல். குடலோட உள்சுவர்ல விரல் விரலா நீட்டிக்கிட்டு நிக்கற குடலுறிஞ்சிகள் நீளமா, முழுசா இருந்தா சத்து உள்ள போகும். க்ளாஸ்ட்ரிடியம் மாதிரி கெட்ட பாக்டீரியாவோ, ரத்தக்கழிச்சலைக் கொண்டு வர்ற ஐமீரியாங்கற ஒட்டுண்ணியோ அந்த விரல்களை அரிச்சிருச்சுன்னா நீங்க எவ்வளவு காஸ்ட்லியான ஸ்டார்ட்டர் (குஞ்சுத் தீவனம்) போட்டாலும் அது லிட்டர்லதான், அதாவது ஷெட்டுத் தரையில பரப்பின உமிப் படுக்கையிலதான், போய் விழும், செரிக்காத மஞ்சச் சோளத் துணுக்கு எச்சத்துல கண்ணுக்கே தெரியும்.

இங்க ஓமம் எப்படி உள்ள வருதுன்னு பாருங்க. கொஞ்சம் ஓமத்தை உள்ளங்கையில போட்டுத் தேய்ச்சு மோந்து பாருங்க, குப்புன்னு ஏறற அந்த வாசனைதான் தைமால். வாய் கொப்பளிக்கற லிஸ்டரின்ல இருக்கறதும் இதே தைமால்தான். ஐரோப்பாவுல ஆரிகனோ, தைம்னு ரெண்டு செடியிலேர்ந்து தைமாலும் அதோட அண்ணன் தம்பி மாதிரி இருக்கற கார்வக்ராலும் எடுக்கறாங்க, நமக்கு ஓமமே போதும். இது கொழுப்புல கரையற பொருள். பாக்டீரியாவோட வெளித்தோலு கொழுப்பால ஆனது, அதுக்குள்ள இது போய் உக்காந்துக்கிட்டா தோலு இளகி, உள்ள இருக்கற பொட்டாசியம் மாதிரி உப்பெல்லாம் வெளிய ஒழுகும், பாக்டீரியாவுக்குத் தெம்பு போயிரும். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் குறிவச்சு அடிக்கும், அந்த இடத்தை பாக்டீரியா மாத்திக்கிட்டா ஆட்டம் முடிஞ்சுது. இது அங்கங்க பொதுவா தொல்லை குடுக்கறதால பழகிக்கறது கொஞ்சம் கஷ்டம், ஆனா பழகவே பழகாதுன்னு எந்த சேல்ஸ்மேனாவது அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க.

கிராம்புலயும் துளசியிலயும் இருக்கற யூஜினால், பட்டையில இருக்கற சின்னமால்டிஹைடு, இதெல்லாம் கிட்டத்தட்ட இதே வழிதான்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு, இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. ஆராய்ச்சிக்கூடத்துல கண்ணாடித் தட்டுல பாக்டீரியாவை வளர்த்து அது மேல ஓம எண்ணெயை விட்டா செத்துப்போகுது, போட்டோ எடுத்து பிரசுரத்துல போட்டுருவாங்க. கோழிக்குள்ள அப்படி இல்லீங்க. இந்த எண்ணெயெல்லாம் சிறுகுடலோட முதல் பாகத்துலயே உடம்புக்குள்ள உறிஞ்சப்பட்டுரும், பெருசா பாக்டீரியா குடியிருக்கற கடைசிப் பக்கத்துக்கும் குருட்டுக்குடலுக்கும் போய்ச் சேர்றது கம்மி. அதோட எண்ணெய் ஆவியாகற பொருள், தீவனத்தைப் பெல்லட்டா, அதாவது அழுத்திக் குச்சி குச்சியா, அடிக்கறப்ப 80 டிகிரிக்கு மேல நீராவி படும், அப்பவே ஒரு பங்கு பறந்து போயிரும், ஃபீட் மில்லு பூரா கமகமன்னு மணக்கும், கோழிக்கு மிச்சம்தான். இதுக்காகத்தான் எண்ணெயைக் குட்டிக் குட்டி கொழுப்பு உருண்டைக்குள்ள பூட்டி வைக்கறாங்க, குடலுக்குள்ள போய் லைப்பேஸ் என்சைம் அந்தக் கொழுப்பைக் கரைச்சப்புறம்தான் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். ஒரே ஓம எண்ணெய், ஒரு டப்பா 300 ரூபா இன்னொண்ணு 900 ரூபான்னா வித்தியாசம் பல நேரம் இந்தப் பூட்டுலதான் இருக்கு. நீங்க மேஷ் தீவனம், அதாவது மாவா இருக்கற தீவனம், சொந்தமா அரைச்சுப் போடறவரா இருந்தா சூட்டுப் பிரச்சனை இல்ல, சாதா சரக்கே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பெல்லட்னா கோட்டிங் உள்ளதைத்தான் கேக்கணும்.

பூண்டோட கதை இன்னும் வேடிக்கை. பூண்டுல வேலை செய்யற பொருள் அல்லிசின், ஆனா முழுப் பூண்டுல அது கிடையவே கிடையாது. அல்லியின்னு ஒண்ணும் அதை மாத்தற என்சைம் ஒண்ணும் தனித்தனி அறையில இருக்கு, நசுக்கறப்பதான் ரெண்டும் சேர்ந்து அல்லிசின் பொறக்குது, அந்தக் காரமான நெடி அதுதான். பொறந்த அல்லிசின் நிலைச்சு நிக்காது, வேற வேற கந்தகப் பொருளா மாறிப்போயிரும். நசுக்காம அப்படியே வேக வச்சுட்டா என்சைமே செத்துரும். அதனால நாட்டுக்கோழிக்கு வீட்டுல பூண்டு குடுக்கறவங்க பச்சையா நசுக்கிக் கொஞ்ச நேரம் விட்டு உடனே தீவனத்துல பெசைஞ்சு குடுக்கறது நல்லது, மொத்தமா அரைச்சு டப்பாவுல வச்சுக்கிட்டு வாரக்கணக்கா போடறதுல பிரயோஜனம் கம்மி. பெரிய பண்ணைக்கு இது ஆகற காரியமில்ல, அவங்க வாங்கறது ரெடிமேட் பவுடர், அதுல எவ்வளவு தேறுதுன்னு லேப் ரிப்போர்ட் கேட்டாத்தான் தெரியும். அளவு மிஞ்சினா முட்டையில பூண்டு வாசம் வந்துரும்.

மஞ்சளை எடுத்துக்குங்க. ஈரோட்டுக்காரங்க பக்கத்துலயே இருக்கறதால நம்ம ஊர்ல கோழிக்கு மஞ்சள் போடறது ரொம்ப சகஜம். மஞ்சள் பொடியில வேலை செய்யற பொருளான குர்குமின் நூத்துக்கு ரெண்டுலேர்ந்து அஞ்சு பங்குதான் இருக்கும், ரகத்தைப் பொறுத்து மாறும். குர்குமின் வயித்துல போனா ரத்தத்துக்குள்ள ஏறறது ரொம்பக் கம்மி. பெங்களூருல 1998-ல மனுஷங்களை வச்சுப் பண்ணின ஆய்வுல மிளகுல இருக்கற பைப்பரின் சேர்ந்தா ரத்தத்துல குர்குமின் பல மடங்கு கூடுதுன்னு தெரிஞ்சுது, அதனால மஞ்சளும் மிளகும் சேர்ந்த ப்ராடக்ட் நிறைய வருது. ஆனா நமக்கு வேலை குடல்லயே இருக்கறப்ப ரத்தத்துல ஏறாம குடல்லயே தங்கறது ஒரு வகையில லாபம்தானே? குடல் சுவர்ல வீக்கத்தைக் குறைக்கறது, லிவரை ஆக்ஸிடேஷன்லேர்ந்து (ஆக்ஸிஜனால செல்லு கெட்டுப்போறதுலேர்ந்து) காப்பாத்தறது, இதுலதான் மஞ்சளோட பேரு. மழைக்காலத்துல சோளத்துல பூஞ்சை பிடிச்சு அஃப்ளடாக்ஸின்ங்கற விஷம் வர்றப்ப லிவர்தான் முதல்ல அடி வாங்கும், அந்த நேரத்துல மஞ்சள் சேர்த்த கோழி கொஞ்சம் கம்மியா பாதிக்கப்பட்டதா ஆய்வுகள் இருக்கு. அதுக்காகப் பூஞ்சை பிடிச்ச சோளத்தைத் துணிஞ்சு வாங்கிட்டு மேல மஞ்சளைத் தூவறது சுத்த முட்டாள்தனம், டாக்ஸின் பைண்டரும் நல்ல சோளமும்தான் முதல்ல.

இன்னொண்ணு, மலிவா கிடைக்குதேன்னு கழிவு மஞ்சள் வாங்கறீங்கன்னா பாத்து வாங்குங்க. தெற்காசியாவுல கிழங்குக்கு நிறம் ஏத்த லெட் குரோமேட் தடவற கேடு கெட்ட பழக்கம் சில இடங்கள்ல இருந்திருக்கு, அது காரீயம், கோழி வழியா முட்டைக்கே வரும்.

லிவர்னு சொன்னதும் கீழாநெல்லி ஞாபகம் வரும், நம்ம ஊர்ல மஞ்சக்காமாலைக்கு இதைத்தானே கேப்பாங்க. லேயர், அதாவது முட்டைக் கோழிக்கு லிவர்தான் மஞ்சக்கருவுக்கு வேண்டிய கொழுப்பைத் தயார் பண்ற இடம், ராத்திரி பகல் ஓவர்டைம் பாக்குது, வெயில் காலத்துல கூண்டுலயே இருக்கற நல்ல கொழுத்த கோழிக்கு லிவர்ல கொழுப்பு படிஞ்சு திடீர்னு விழுந்து சாகும். லிவர் டானிக்குகள்ல பெரும்பாலும் கீழாநெல்லி, நிலவேம்பு, கரிசலாங்கண்ணி, மூக்கிரட்டை இப்படி ஒரு கலவை இருக்கும். கோலைன்னு ஒரு சத்துக்குப் பதிலா மூலிகைக் கோலைன்னு விக்கறாங்க, செயற்கை கோலைன் குளோரைடு ஈரத்தை இழுத்து வைட்டமின், மினரல் கலந்து வச்ச ப்ரீமிக்ஸையே கட்டியாக்கிருங்கறதால இதுக்குக் கிராக்கி. என்னைக் கேட்டா முழுசா மாத்தறதுக்கு முன்னாடி உங்க ஃபீட் நியூட்ரிஷனிஸ்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

வெயிலு, அம்மோனியா, மஞ்சக்கரு

நம்ம ஊருக்கு மூலிகை நெசமா உதவற இடம் சித்திரை வைகாசி வெயில்னு நான் நெனைக்கறேன். கோழிக்கு உடம்புச் சூடு 41 டிகிரி பக்கம், வேர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளணும். அப்படி வாங்கறப்ப கார்பன் டை ஆக்சைடு அதிகமா வெளிய போயி ரத்தத்தோட அமிலச் சமநிலை மாறும், லேயர்ல ஓடு மெலிசாகறது இதனாலதான். தீவனம் எடுக்காது, தண்ணி மட்டும் குடிக்கும், செல்லுக்குள்ள ஆக்ஸிடேஷன் ஏறும். கோழி நம்மளை மாதிரி இல்ல, வைட்டமின் சி-யைத் தன் கிட்னியிலயே தயாரிச்சுக்கும், ஆனா கடும் வெயில்ல அந்தத் தயாரிப்பு பத்தாது. அதனாலதான் ஹீட் ஸ்ட்ரெஸ் ப்ராடக்ட்ல நெல்லிக்காயும் அமுக்கராவும் துளசியும் இருக்கும். நெல்லியில வைட்டமின் சி மட்டுமில்ல, ஆக்ஸிடேஷனைத் தடுக்கற துவர்ப்புப் பொருளும் இருக்கு. சரி, இதெல்லாம் போட்டா வெயில்ல கோழி சாகாதான்னா, சாகும். தண்ணியைப் பனி மாதிரித் தெளிக்கற ஃபாகர் ஓடலன்னா, மத்தியானம் தீவனத்தை நிறுத்தாம வச்சிருந்தா, தண்ணி டேங்க் வெயில்லயே நின்னு கொதிச்சுக்கிட்டிருந்தா எந்த மூலிகையும் காப்பாத்தாது. இதெல்லாம் சரியா இருக்கற ஷெட்டுல கொஞ்சம் கூடுதலா கைகுடுக்கும், அவ்வளவுதான்.

அம்மோனியாவுக்கு வருவோம். கோழியோட எச்சத்துல யூரிக் ஆசிட் இருக்கு, ஈரமான லிட்டர்ல பாக்டீரியா அதை உடைச்சு அம்மோனியா ஆக்கும். 25 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு 25 பங்கு) தாண்டினா கண்ணு எரிச்சல், மூச்சுக்குழாய் பாதிப்பு, அது வழியா சளி உள்ள நுழையும். தினம் ஷெட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு மூக்கு பழகிரும், நின்னுக்கிட்டு மோந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. காலையில முதல்ல போறப்ப கோழி நிக்கற உயரத்துக்குக் குத்த வச்சு உக்காந்து மூச்சை இழுத்துப் பாருங்க, கண்ணு கரிச்சா கோழி ராத்திரி பூரா அதுலதான் படுத்திருக்குன்னு அர்த்தம். அப்படியே ஒரு கை லிட்டரை அள்ளி இறுக்கிப் புடிச்சு விடுங்க, கட்டியா நின்னா ஈரம் ஜாஸ்தி, லேசா விட்டுப்போய் உதிர்ந்தா சரியா இருக்கு. மெக்சிகோ பக்கத்துப் பாலைவனத்துல வளர்ற யக்கா, சிலி நாட்டு மரமான குயில்லாயா, இந்த ரெண்டுலயும் சப்போனின்னு நுரை வர்ற பொருள் இருக்கு, நம்ம பூந்திக்கொட்டை நுரைக்கறதும் சப்போனினாலதான். யக்கா சாறு தீவனத்துல சேர்த்தா ஷெட்டுல அம்மோனியா குறையறது ஓரளவு நல்லாவே நிரூபணமான விஷயம். ஆனா கோழி தண்ணி குடிக்கற நிப்பிள் ஒழுகிட்டே இருந்தா யக்காவுக்குக் குடுக்கற காசை ப்ளம்பருக்குக் குடுக்கலாம்.

கண்ணால பாக்கற மாதிரி சந்தேகமே இல்லாம வேலை செய்யற செடிச் சேர்க்கைன்னா அது செண்டுமல்லிதான். கோழிக்குத் தன் உடம்புல மஞ்சள் நிறத்தைத் தயாரிக்கவே தெரியாது, தின்ற தீவனத்துலேர்ந்துதான் மஞ்சக்கருவுக்கு நிறம் போகணும். மஞ்சச் சோளத்துல கொஞ்சம் இருக்கு, சோளம் விலை ஏறி கம்பு, நொய்யரிசின்னு மாத்தினா கரு வெளுத்துரும். செண்டுமல்லிப் பூவுலேர்ந்து எடுக்கற லூட்டினும் மிளகாயிலேர்ந்து எடுக்கற சிவப்பும் சேர்த்தா கொஞ்ச நாள்லயே ஆரஞ்சு கலர் வந்துரும். அதனால கடையில கரு நல்லா செவசெவன்னு இருக்கேன்னு நாட்டு முட்டைன்னு நம்பி ரெண்டு மடங்கு விலை குடுக்கறவங்களைப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும்.

மிளகாய்னதும் ஒரு பயம் வரும், கோழிக்குக் காரம் எரியாதான்னு. எரியாது! நமக்குக் காரத்தை எரிச்சலா உணர்த்தற ஏற்பி கோழிக்கு மிளகாயோட கேப்சைசினைக் கண்டுக்கவே கண்டுக்காது. காட்டுல பறவைங்க மிளகாயைத் தின்னுட்டு விதையைப் பரப்பறதுக்குக் காரணமே இதான். கசப்புலயும் கோழி கொஞ்சம் மந்தம், மனுஷனுக்குக் கசப்பு ஏற்பி 25 வகைன்னா கோழிக்கு மூணே மூணு. ஆனா மந்தம்னா சுத்தமா தெரியாதுன்னு இல்ல, வேப்பிலையும் நிலவேம்பும் அளவு தாண்டினா தீவனத்தை ஒதுக்கிரும், தீவனம் எடுக்காத கோழிக்கு எந்த மூலிகை என்ன பண்ணும்.

துவர்ப்புச் சரக்குலயும் இதே எச்சரிக்கை வேணும். டானின் அதிகமாச்சுன்னா தீவனத்துல இருக்கற புரதத்தையே போய்க் கட்டிப்புடிச்சுக்கும், செரிக்காது, வளர்ச்சி அடிபடும். இயற்கையானது, அதனால எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லன்னு சொல்றதுதான் இந்தத் துறையிலயே பெரிய பொய்.

எங்க நிறுத்திக்கணும்

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, மூலிகையிலயும் கிடையாது. அது வைரஸ். நாட்டுக்கோழி வளர்க்கறவங்க சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, வேப்பிலை எல்லாம் அரைச்சு உருண்டை புடிச்சுக் குடுக்கறாங்க, நம்ம கால்நடைப் பல்கலைக்கழகத்து ஆளுங்களே மரபுவழி வைத்தியம்னு இந்த மாதிரி முறைகளைச் சொல்லித் தர்றாங்க, தெம்பு குடுக்க, தீவனம் எடுக்க வைக்க, கூட வர்ற பாக்டீரியா தொல்லையைக் குறைக்க அது உதவலாம், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அதை நம்பி லசோட்டாங்கற வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்தை விட்டுட்டா ஒரு வாரத்துல ஷெட்டு காலி. குஞ்சுக்கு முதல் வாரத்துல லசோட்டா, ரெண்டாவது வாரம் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, அப்புறம் திரும்ப லசோட்டாங்கற அட்டவணை அப்படியே இருக்கணும், மூலிகை அதுக்கு மேலதான். தடுப்பூசியைத் தண்ணியில குடுக்கற நாள்ல அந்தத் தண்ணியில டானிக், மூலிகைச் சாறு, ஆசிட், குளோரின் எதுவும் கலக்காதீங்க, அதுல இருக்கறது உயிருள்ள வைரஸ், கிருமியைக் கொல்ற சரக்கோட கலந்தா தடுப்பூசியையே கொன்னுருவீங்க.

ரத்தக்கழிச்சல்லயும் ஜாக்கிரதையா இருக்கணும். ஆரிகனோ, பூண்டு, சப்போனின் இதெல்லாம் ஐமீரியாவோட எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கும்னு ஆய்வுகள் சொல்லுது, வர்றதுக்கு முன்னாடி சேர்த்து வச்சா. ஷெட்டுல ரத்தம் விழ ஆரம்பிச்சப்புறம் ஓம எண்ணெயோட உக்காந்திருக்கக் கூடாது, டாக்டரைக் கூப்பிட்டு ரெண்டு கோழியை அறுத்துப் பாத்து அதுக்குண்டான மருந்தைக் குடுக்கணும். சும்மா குருட்டுக்குடல் எச்சத்தைப் பாத்து பயந்துறவும் கூடாது, அது இயல்பாவே காப்பித்தூள் கரைச்ச மாதிரி பிசுபிசுன்னு பழுப்பா அப்பப்ப வரும், ரத்தம் இல்ல.

அதே சமயம் எந்த ஹெர்பல் டப்பாவாவது போட்ட ரெண்டே நாள்ல ஊசி போட்ட மாதிரி கழிச்சலையும் சளியையும் நிறுத்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. செடி அவ்வளவு வேகமா வேலை செய்யறது அபூர்வம், உள்ள வேற எதையாவது கலந்திருக்கானான்னு லேபுக்கு அனுப்பணும். கலந்திருந்தா அந்த மருந்தோட மிச்சம் கறியில போகும், மருந்து நிறுத்தி இத்தனை நாள் கழிச்சுத்தான் விக்கணும்ங்கற கணக்கே உங்களுக்குத் தெரியாம போயிரும்.

வாங்கறப்ப என்ன கேக்கணும்? லேபிள்ல இருபது செடி பேரு இருக்கறது பெருசில்ல, அதுல வேலை செய்யற பொருள் எது, எவ்வளவு பங்கு, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அதை அளந்து பாக்கறாங்களான்னு கேளுங்க. ஒரே ஓமம் மண்ணைப் பொறுத்து, அறுவடை பண்ணின மாசத்தைப் பொறுத்து, காய வச்ச விதத்தைப் பொறுத்து எண்ணெய் அளவு மாறும், போன மாசம் வேலை செஞ்ச பவுடர் இந்த மாசம் சும்மா இருக்கறது அதனாலதான். சரியா காயாத மூலிகைப் பொடியிலயே பூஞ்சை இருக்கும், டாக்ஸினைக் காசு குடுத்து வாங்கின மாதிரி ஆயிரும். கலக்கறதும் ஒரு கலை, டன்னுக்கு 200 கிராம் சரக்கை நேரா மிக்சர்ல கொட்டினா ஒரு மூட்டையில மொத்தமும் போயி மத்த மூட்டையில ஒண்ணுமே இருக்காது, முதல்ல பத்து கிலோ தவிட்டுல கலந்து அதை அம்பது கிலோவுல கலந்து அப்புறம் மிக்சர்ல விடணும்.

காசுக் கணக்கு ஒண்ணு பாத்துருவோம், விலையெல்லாம் சும்மா உதாரணத்துக்குத்தான். டன்னுக்கு அரைக் கிலோ போடற ஐட்டம், கிலோ 400 ரூபான்னு வைங்க, டன்னுக்கு 200, தீவனம் கிலோவுக்கு 20 பைசா ஏறுது. ரெண்டு கிலோ கோழிக்கு எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவனம், 1.70-ன்னா 3.4 கிலோ தீவனம், ஒரு கோழிக்கு 68 பைசா செலவு. இப்ப எஃப்சிஆர் 1.67-க்கு இறங்குச்சுன்னா 60 கிராம் தீவனம் மிச்சம், தீவனம் கிலோ 40 ரூபான்னா 2 ரூபா 40 பைசா. போட்டதை விட மூணு மடங்குக்கு மேல வருது. அதே இடத்துல மஞ்சள் பொடியை நூத்துக்கு அரைப் பங்கு போடறீங்கன்னா டன்னுக்கு 5 கிலோ, கிலோ 150-ன்னா 750 ரூபா, கோழிக்கு ரெண்டரை ரூபாய்க்கு மேல ஆயிருது, அதே 0.03 இறங்கினா கையைக் கடிக்கும். எஃப்சிஆர் இறங்கவே இல்லன்னா ரெண்டுமே நட்டம்.

இதுல ஒரு சங்கடம், இண்டகிரேஷன்ல, அதாவது கம்பெனியோட ஒப்பந்தத்துல, வளர்க்கற ஆளுக்கு இந்த முடிவே கையில இல்ல. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி குடுக்குது, நம்மது ஷெட்டும் உழைப்பும், வாங்கறது வளர்ப்புக் கூலி. தீவனத்துல என்ன மூலிகை இருக்குன்னு கூட பல பேருக்குத் தெரியாது. அவங்க சொந்தக் காசுல டானிக் வாங்கித் தண்ணியில ஊத்தறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர்கிட்ட தீவனத்துல ஏற்கனவே என்ன போகுதுன்னு கேட்டுக்கணும், அதே சரக்கு ரெண்டு வழியில போயி டோஸ் டபுளாகிரக்கூடாது பாருங்க.

சொந்தமா தீவனம் அரைக்கறவங்க, லேயர் வச்சிருக்கறவங்க, ஒரு ஷெட்டுல போட்டு ஒரு ஷெட்டுல போடாம பாருங்க, ஒரே ஹேச்சரி, ஒரே நாள் குஞ்சு, ஒரே தீவன லாட்டு. போன பேட்ச்சோட இந்த பேட்ச்சை ஒப்பிட்டா அது கணக்கே இல்ல, குஞ்சு வேற, வெயில் வேற, சோளம் வேற. வாரா வாரம் ஷெட்டோட நாலு மூலையிலயும் நடுவுலயும் கோழியைப் புடிச்சு எடை போட்டு எழுதுங்க, வாசல் பக்கம் ஓடி வர்றதை மட்டும் புடிச்சீங்கன்னா நல்ல கோழி எடைதான் வரும். செத்த கோழி எண்ணிக்கை (மார்டாலிட்டி), தீவன எடுப்பு, லேயர்னா உடைஞ்ச முட்டை எண்ணிக்கை, லிட்டர் எப்படி இருக்குங்கறதையும் பக்கத்துலயே குறிச்சு வைங்க. கோடையில தேறின சரக்கு ஐப்பசி மழையில தேறாம போகலாம், அதனால ரெண்டு சீசன்லயும் ஒரு பேட்ச்சாவது ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் மொத்த ஆர்டர் போடுங்க.